அம்மா துவைச்சிட்டு இருக்கா

அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர். மாடிக் கொடியில் தொங்கும் துணிகளைப் பார்த்தாலோ, ஏதோ விடுதி போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கீழ்வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மாடிப்படியில் வைத்துக் கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்கு தினமும் விருந்தாளி வர்றாங்களா?"

"இல்லையே. எனக்கு அழுக்குன்னாலே ஆகாது, அதான்."

பச்சைப் பொய். அழுக்கோடு அவளுக்கு எந்தப் பகையும் கிடையாது. சோபாவுக்கு அடியில் சேர்ந்த தூசியை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாதவள் அவள். தினமும் காலையில் ஒரு கூடைத் துணியோடு துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்குக் காரணம் வேறு. உள்ளே அவள் நாவல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதை அறை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். சமையலறைக்குப் பின்னால், ஒரு பக்கெட், ஒரு முக்காலி, ஒரு வாஷிங் மெஷின் வைத்தால் நிறைந்துவிடும் இடம். மெஷின் அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. அந்தக் கணக்கில் அவளுக்கு அது மூத்தவள். பேரிங் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. துணியைப் பிழிய ஆரம்பித்தால் வீடே அதிரும். பக்கத்தில் ஆள் நின்று இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிடிக்காவிட்டால், நகர்ந்து நகர்ந்து கதவுவரை வந்துவிடும். ஒருமுறை அப்படி வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் கதவையே கீலோடு கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, மெஷின் ஓடும்போது கூடவே ஆள் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம்தான் அவளை எழுத்தாளராக்கியது.

அதற்கு முன்னால் முறையாகவும் ஒருதடவை முயன்று பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் அவள் எழுதிய ஒன்றிரண்டு சிறுகதைகள் பத்திரிகையில் வந்தன. அந்தத் தெம்பில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "நாவல் எழுதப் போறேன்" என்று அறிவித்துவிட்டாள். எல்லாரும் நல்லவர்கள், பாவம். மறுநாளே புருஷன் மேஜை, நாற்காலி, வளைகிற கழுத்துள்ள விளக்கு எல்லாம் வாங்கிவந்து ஜன்னலோரம் போட்டான். மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். நாத்தனார் ஃபோனில் வாழ்த்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும், மிகுந்த அன்போடு, தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"முடிஞ்சுதா?"

பிரஷர் குக்கரைக் கேட்பதுபோல அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மேஜைமுன் உட்கார்ந்தாலே பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கொஞ்ச நாளில் வெறும் தாளை வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு சரிப்பட்டு வரல, விட்டுட்டேன்" என்றாள். மேஜை இஸ்திரி போடுவதற்கு உபயோகமானது. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரேமைப் பொருத்துவது, காதோரம் உறுத்துகிறதா என்று கேட்டு வளைத்துக் கொடுப்பது, கழன்ற சின்ன ஸ்க்ரூவைத் தேடுவது என்று வேலை சரியாக இருந்தது. மகள் பிறந்தாள். வாலு என்று கூப்பிட்டார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரியே வளர்ந்தாள்.

பிறகு ஒருநாள் காலை, மெஷினுக்குக் காவல் இருக்கும்போது, சும்மா இருக்க முடியாமல் சோப்புத்தூள் அட்டையின் பின்பக்கம் எதையோ கிறுக்கினாள். ஒரு டாக்சிக்காரன், அவனுக்கு ஒரு அக்கா, இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவ்வளவுதான். மறுநாள் அதற்கு மேல் நாலு வரி. அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

நாள் போகப்போக அதற்கு ஒரு முறையே அமைந்துவிட்டது. துணி ஊறும்போது யோசிப்பாள். மெஷின் துவைக்கும்போது எழுதுவாள். பிழியும்போது கை நடுங்கும், எழுத முடியாது. அப்போது இடுப்பை மெஷினில் முட்டுக்கொடுத்து நின்றபடி, அன்றைக்கு எழுதியதை வாய்விட்டு வாசிப்பாள். எங்கே வாக்கியம் நொண்டுகிறது என்று காதுக்குத்தான் தெரியும். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் வெளியே கேட்காது என்ற தைரியத்தில், தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழிய வாசிப்பாள்.

சில நாள் இரண்டு பக்கம் வரும். சில நாள் இரண்டே வரி. அதையும் மறுநாள் அடித்துவிடுவாள். அதற்காக அவள் மனம் உடைந்துபோகவில்லை. இன்றைக்கு மனசு சரியில்லை, அதனால் துணி துவைக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? நேற்று துவைத்ததைவிட இன்று சுமாராகத்தான் துவைத்தேன் என்று யாராவது அழுவார்களா? கூடையை எடுத்தோமா, உள்ளே போனோமா, அவ்வளவுதான். நாவலும் மெதுவாக, அவளுக்கே தெரியாமல், வளர்ந்துகொண்டு வந்தது.

ஒரே சிக்கல், நான்கு பேர் வீட்டில் தினமும் அத்தனை அழுக்குத்துணிக்கு எங்கே போவது? கூடை காலியாக இருந்தால் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் டாக்சியும் ஓடாது. அதனால் முந்தின நாள் மடித்து வைத்ததை உதறிக் கூடையில் போட ஆரம்பித்தாள். துவைத்ததையே துவைத்தாள். துணிகள் வெளுத்தன. புருஷனின் கருநீல யூனிஃபார்ம் வானநீலமாயிற்று. "நீ லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவன் மாதிரியே இல்லப்பா, ஆஸ்பத்திரில இருந்து தப்பிச்சு வந்தவன் மாதிரி இருக்க" என்று சூப்பர்வைசர் கேலி செய்தார். வாலுவின் சட்டையில் இருந்த யானை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போய், கடைசியில் தும்பிக்கை மட்டும் மிச்சம் இருந்தது.

"அம்மா, என் யானை எங்கம்மா?"

"குளிக்கப் போயிருக்கு. வந்துரும்."

புருஷன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தினமும் அவள் கை ஊறிப்போய், முகம் சிவந்து, தொண்டை கட்டி அந்த அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தான். பாவம், இந்தப் பாழாய்ப்போன மெஷினோடு மல்லுக்கட்டியே இவள் ஓய்ந்துபோகிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் பெண்டாட்டி படும் பாட்டைப் பார் என்று அவனுக்கு அவன்மேலேயே கோபம். ஒருநாள் சாப்பிடும்போது, முகமெல்லாம் சிரிப்பாக, புது மெஷினுக்குச் சொல்லியாயிற்று, நாளைக்கே வருகிறது என்றான்.

அவள் ரசத்தைத் தண்ணீர் டம்ளரில் ஊற்றினாள்.

எதிர்த்தது மாமனார் மட்டும்தான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வருஷக்கணக்கில் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு காது அடைத்துப்போயிருந்தது. இன்னொரு காது அதன் இஷ்டத்துக்கு வேலை செய்யும்: மாத்திரை சாப்பிடச் சொன்னால் கேட்காது, முறுக்கு டப்பா திறந்தால் கேட்கும். கொஞ்ச காலத்துக்கு முன்னால், ஜன்னல் காற்று ஆகவில்லை என்று சொல்லித் தன் கட்டிலை எதிர்ச்சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் துவைக்கிற அறை. அந்தக் கடகடாவில் எப்படித்தான் தூங்குகிறாரோ என்று எல்லாருக்கும் ஆச்சரியம்.

"இருக்கறதுக்கு என்னடா கேடு?" என்றார். "நல்லாத்தான ஓடுது."

"ஓடுதுப்பா. கதவு வரைக்கும் ஓடுது."

"கொஞ்சம் ஆடினா என்ன? நான் ஓட்டின பஸ் ஆடாத ஆட்டமா? யாராச்சும் பஸ்ஸ மாத்தினாங்களா?"

"அப்பா, அவ கஷ்டப்படறது உங்களுக்குத் தெரியல."

கிழவர் மருமகள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கஞ்சத்தனம், வேறென்ன என்று மகன் நினைத்தான். மாமனாரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் வாயைத் திறந்து, வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வாள்? ஆசையாசையாக வாங்கித் தருகிறவனிடம் எந்த முகத்தோடு சொல்வாள்?

புது மெஷின் வந்தது. பழையதை எடைக்குப் போட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது, வாசலில் நின்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று புருஷன் நெகிழ்ந்துபோனான்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான மெஷின். சத்தமே இல்லை. எத்தனை துணி இருக்கிறது என்று தானே எடைபோட்டு, அதற்கேற்ற நேரத்தில் சட்டென்று முடித்துவிடும். ஆள் காவல் இருக்கத் தேவையே இல்லை. முடிந்ததும் ஒரு பாட்டு வேறு பாடும். அது போதாதென்று புருஷனின் ஃபோனுக்கும் தகவல் அனுப்பும். அவன் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு கத்துவான்:

"முடிஞ்சுடுச்சு!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிடும்.

பாட்டுச் சத்தம் கேட்டால் அம்மா சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம். வாலு சீப்போடு ஓடிவருவாள். குக்கர் விசிலடிக்கும். யாரோ சாவியைத் தேடுவார்கள். அவள் வேறு இடங்களில் முயன்று பார்த்தாள். இஸ்திரித் துணியை ஒதுக்கிவிட்டுப் பழைய மேஜையில் உட்கார்ந்தாள். அதே பழைய பரீட்சை ஹால்தான். கடையில் மதிய இடைவேளையில் நோட்டைத் திறந்தாள். யாராவது ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்து நின்றார். முதலில் ஒருநாள் விட்டுப்போயிற்று. மறுநாள் உட்கார்ந்தால், விட்ட நாளுக்கு வட்டியும் சேர்த்து எழுத வேண்டும்போல் மலைப்பாக இருந்தது. அதனால் அன்றைக்கும் விட்டாள். டாக்சிக்காரன் எத்தனையோ வருஷம் கழித்து அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, அழைப்பு மணியில் விரலை வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தான். இனி அவனை அங்கிருந்து யார் நகர்த்தப் போகிறார்கள்? இந்தத் தடவை விட்டால் இனி எப்போதும் எழுதப் போவதில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயம் கடையிலும் சமையலறையிலும் அவளோடு கூடவே இருந்தது. ஒருநாள் ஒரு பெரியவருக்குப் பிரேமைத் தலைகீழாக மாட்டிவிட்டாள்.

அந்த வார இறுதியில், கூடையோடு துவைக்கிற அறையில் நின்றபோது மாமனார் வந்தார். கையில் ஒரு துண்டு.

"இதையும் போட்டுரும்மா."

வாங்கினாள். துண்டில் வெயில் வாசனை அடித்தது. முந்தின நாள் மாலை அவள் கையால் மடித்த மடிப்பே இன்னும் கலையவில்லை.

"மாமா, இது நேத்து துவைச்சது."

"அப்படியா? அழுக்கா இருந்த மாதிரி இருந்துது."

அவள் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அவருடைய இரண்டு சட்டைகள், ஒரு போர்வை, தலையணை உறை. வேண்டுமென்றே கசக்கிப் போட்டிருந்தார். ஆனால் எல்லாமே துவைத்தது. துணி போதாமல் அவள் திண்டாடிய காலைகளிலெல்லாம், கூடையின் மேலே எப்படியோ அவருடைய போர்வை கிடக்கும். வயசானவர், சீக்கிரம் அழுக்காக்கிவிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். துவைத்த துணியைத் திருட்டுத்தனமாகத் துவைப்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை காலமும் எண்ணிக்கொண்டிருந்தாளே.

"மாமா... நீங்க எதுக்கு..."

கிழவர் புது மெஷினின் தலையில் லேசாகத் தட்டினார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. பாட்டெல்லாம் பாடுது. கதைதான் சொல்ல மாட்டேங்குது."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்த டாக்சிக்காரன் அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறான். பெல்லுல விரலை வெச்சுட்டான். அன்னிக்குன்னு பாத்து என் புள்ள இதைக் கொண்டாந்து எறக்கிட்டான்." அவர் குரலைத் தணித்தார். "அப்புறம் என்னாச்சும்மா? அடிச்சானா இல்லையா?"

"உங்களுக்குத்தான் காது..."

"அந்த மெஷின் சத்தத்தை மீறி நீ கத்தற கத்தல்ல செவுத்துக்கே கேட்டிருக்கும். எனக்கு ஒரு காது போதாதா? ஆரம்பத்துல எல்லாம் சரியா விளங்கல. அப்புறம்தான் கட்டிலை இந்தப் பக்கம் போட்டுக்கிட்டேன்."

அவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. இத்தனை காலமும் அவள் தனியாக இருந்ததே இல்லை. அழித்த வரிகள், பிசிறு தட்டிய வரிகள், அக்கா அழும் இடத்தில் தானும் சேர்ந்து அழுதது, எல்லாவற்றையும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறவரைப்போல, துண்டில்லாத தோளோடு, அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாமா ஒருநாள்கூட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவியோன்னு பயம்தான். அப்புறம் எனக்கு காலைல என்ன இருக்கு, சொல்லு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஒரே ஒரு விஷயம். வாசல்ல அவ்வளவு நேரம் நிக்கிறவன் எஞ்சினை எதுக்கு ஓடவிட்டு நிக்கிறான்? டீசல் என்ன தண்ணியா? அதை மட்டும் மாத்திரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமனார், இதையெல்லாம் பார்க்காத மாதிரி, பக்கெட்டின் கைப்பிடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எல்லாரும் 'முடிஞ்சுதா' என்றுதான் கேட்டார்கள். 'அப்புறம் என்னாச்சு' என்று அவளை யாரும் கேட்டதே இல்லை.

அன்று மாலை, மாடியில் கொடித்துணிகளை எடுக்கும்போது புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி எதிரே நின்று கேட்டான். முகம் சுருங்கிவிட்டது.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? மேஜை வாங்கிக் கொடுத்தீங்க, லைட் வாங்கிக் கொடுத்தீங்க. அப்புறம் தினமும் உங்க முகத்தைப் பாத்து, இன்னிக்கு ஒரு வரிகூட வரலன்னு சொல்லணும்."

"நான் உன்னைத் திட்டவே இல்லையே."

"திட்டிருந்தா தேவலையே. நீங்க ஆசையா கேப்பீங்க. அதுதான் என்னால தாங்க முடியல." அவள் போர்வையைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள். "எனக்கு எழுதணுங்க. தினமும். நல்லா வந்தாலும் வராட்டியும். அந்தக் கதவு சாத்தியிருக்கணும், யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. அது இல்லன்னா எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

இதை வாய்விட்டுச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது அவளுக்கு.

அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வேணும்னா அடியில ரெண்டு போல்ட்டை லூஸ் பண்ணி விட்டுடட்டுமா? பழசு மாதிரியே ஆடும்."

அவள் சிரித்துவிட்டாள். "வேணாம்."

"அப்ப, என் யூனிஃபார்ம் வெளுத்தது?"

"எல்லாம் நாவலுக்காகத்தான்."

அவன் கொடியில் கடைசியாகத் தொங்கிய வானநீலச் சட்டையை எடுத்து மேலும் கீழும் பார்த்தான். "சரி, நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு," என்றான். பிறகு ஃபோனை எடுத்து, மெஷின் தகவல் அனுப்புவதை நிறுத்தினான். எங்கே அழுத்துவது என்று கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, உண்மையாகவே அழுக்கான நாலு துணியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முக்காலியை இழுத்துப்போட்டு நோட்டைத் திறந்தாள். முதல் வரி வரவே இல்லை. எஞ்சின் ஓடுகிறது என்ற வரியை அடித்தாள், அதுவரைக்கும் லாபம். அதற்குள் மெஷின் வேலையை முடித்துப் பாட ஆரம்பித்துவிட்டது. எதிர்பார்த்த மாதிரியே சின்னக் கால்கள் தடதடவென்று ஓடிவந்தன.

"அம்மா! பாட்டு வந்துடுச்சு! ஜடை போடு!"

கதவுக்கு வெளியே புருஷனின் குரல் கேட்டது.

"அம்மா இன்னும் துவைச்சிட்டு இருக்கா. நீ வா, நான் போடறேன்."

"உனக்கு ஜடை போடத் தெரியாதுப்பா."

"லிஃப்டுக்கே கயிறு மாட்டறவன்டி நான். வா."

கால்கள் திரும்பிப் போயின. கதவு சாத்தியே இருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். டாக்சிக்காரன் மணியை அழுத்தினான்.

எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று இடுப்பை மெஷினில் சாய்த்துக்கொண்டாள். அது ஆடாமல் அசையாமல் நின்றது. இரைச்சல் இல்லாமல் தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. மெல்ல, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக, முதல் பத்தியை வாசித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் நகர்ந்தது.

"கேக்கலம்மா."

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து, சத்தமாக வாசித்தாள். மணி அடித்தது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்துவரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை விழுந்தது. அவ்வளவுதான் அன்றைக்கு எழுதியிருந்தாள்.

"அப்புறம்?" என்றது சுவர்.

"தெரியல மாமா. எழுதினாத்தான் எனக்கே தெரியும்."

அந்தப் பக்கம் தலையணையைத் தட்டிப்போடும் சத்தம் கேட்டது.

"நிதானமா எழுதும்மா. நான் எங்க போகப் போறேன், இங்கதான இருக்கேன்."